தூக்கி வைத்த வைப்பர்

கண்ணம்மை ஆச்சி வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று அந்தத் தெருவில் யாரும் கதவைத் தட்டிக் கேட்பதில்லை. கார் ஷெட்டை ஒரு பார்வை பார்த்தால் போதும். தெருவைப் பார்த்த கம்பிக் கேட், அதற்குள் ஒரு வெள்ளைக் கார். காரின் வைப்பர் இரண்டும் கண்ணாடியை விட்டுத் தூக்கி நின்றால் வீட்டில் ஆள் இல்லை. கண்ணாடியோடு படுத்துக் கிடந்தால் ஆள் வந்துவிட்டது, இல்லையென்றால் வந்துகொண்டிருக்கிறது. வைப்பர் படுத்த அன்று எதிர்ச்சாரியில் பூ விற்கிற மணிமேகலை நாலு முழம் தனியாக எடுத்து வைப்பாள். பால்காரர் கேட்காமலே இரண்டு லிட்டர் கூட ஊற்றுவார். வாசல் தெளிக்கிற பெண் மறுநாள் விடியும் முன்பே வந்து நிற்பாள்.

வருஷத்தில் முந்நூற்றைம்பது நாள் வைப்பர் தூக்கியேதான் நின்றது. அந்த முந்நூற்றைம்பது நாளும் ஷெட்டை ஒட்டிய டிரைவர் அறையில் சந்தனராஜ் இருந்தார்.

அவருக்கு அறுபத்தொரு வயது. சொந்த ஊர் ஆவூர். தேனப்பன் செட்டியாரிடம் டிரைவராகச் சேர்ந்து முப்பத்தோரு வருஷம் ஆகிறது. செட்டியாரும் ஆச்சியும் மகனோடு சென்னைக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. அங்கே வேறு கார், வேறு டிரைவர். ஊரில் முன்னோருக்குப் படைப்பு, கல்யாணம் என்று எப்போதாவது வரும்போது திருச்சியில் இறங்குவார்கள். இந்தக் கார் போய் அழைத்து வரும். மீதி நாளில் சந்தனராஜ் பத்து நாளைக்கு ஒரு தடவை வண்டியை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் உறும விடுவார், துடைப்பார், பெரிய வீட்டின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து காற்று வாங்க வைத்துவிட்டு மறுபடி ஒவ்வொன்றாகச் சாத்துவார். சாவிக்கொத்தின் சத்தம்தான் அந்த வீட்டில் பாதி நாள் கேட்கிற ஒரே சத்தம்.

வைப்பரைத் தூக்கி வைக்கிற பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடையில் கார் இரண்டு மாதம் அசையாமல் நின்றது. மேற்கு வெயில் கேட் வழியாக நேரே கண்ணாடியில் விழுந்து, வைப்பர் ரப்பர் உருகி ஒட்டிக்கொண்டது. அது சந்தனராஜுக்குத் தெரியாது. செட்டியாரை விமானத்துக்கு ஏற்றிவிடப் போனபோது கீரனூர் தாண்டி எதிர்பாராத மழை. சுவிட்சைப் போட்டார். முதல் வீச்சிலேயே ரப்பர் நார்நாராகக் கிழிந்து, கண்ணாடி முழுக்கக் கறுப்பாக இழுகிவிட்டது. முன்னால் போகிறது லாரியா மாடா என்று தெரியவில்லை. ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரம் கட்டி முக்கால் மணி நேரம் நின்றார்கள். விமானம் போய்விட்டது. செட்டியார் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். திட்டாததால் சந்தனராஜின் மனதை விட்டு அது ஒன்பது வருஷமாகப் போகவில்லை.

அன்றிலிருந்து வண்டி ஷெட்டுக்குள் வந்ததும் முதல் வேலை வைப்பரைத் தூக்குவது, இரண்டாவது வேலை கிழிந்த வேட்டித் துணியை ரப்பரில் சுற்றுவது. ஊர் அதைப் பார்த்து ஆள் கணக்கு வைக்க ஆரம்பித்தது எப்போது என்று அவருக்கே தெரியாது.

கூரியர்காரன் கேட்டில் நின்று, "வீட்ல யாரும் இல்லையா?" என்று கேட்பான். சந்தனராஜ் அவன் கண்ணெதிரே நின்றுகொண்டு, "யாரும் இல்லீங்க" என்பார். மின்சாரக் கணக்கெடுக்க வருகிறவரிடமும் அதேதான். அந்தப் பதிலில் ஏதோ இடிக்கிறது என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மனைவி ஜெயராணி இறந்து எட்டு வருஷம். ஒரே மகள் பிளெஸ்ஸி குவைத்தில் நர்ஸ். மருமகன் ஜஸ்டினுக்கும் அங்கேதான் வேலை. பேத்திக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. அவளை சந்தனராஜ் போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிளெஸ்ஸி கூப்பிடுவாள். அவர் காருக்குள் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, போனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்துப் பேசுவார். அறையில் கட்டிலும் ஸ்டூலும் இருந்தாலும் அவருக்கு மனுஷனாக உட்காரத் தெரிந்த இடம் அதுதான். பேத்தி "தாத்தா, பாம் பாம்" என்பாள். அவர் ஒருமுறை ஹார்ன் அடிப்பார். தெருவில் நாய் குரைக்கும். பிறகு போன் அணைந்துவிடும். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஏழு நாள் இருக்கும்.

தனியாக இருந்து பழகிவிட்டது என்று கேட்கிறவர்களிடம் எல்லாம் சொல்வார். அது பச்சைப் பொய். ஒருநாளும் பழகவில்லை.

நவம்பர் கடைசியில் பிளெஸ்ஸி, "அப்பா, லீவு கெடச்சிருச்சு. டிசம்பர் பதினெட்டு, காலையில பத்தரைக்கு திருச்சியில எறங்குறோம். கிறிஸ்மஸ் ஒங்களோடதான்" என்றாள்.

சந்தனராஜ் மூன்று நாள் யோசித்துவிட்டு ஆச்சிக்குப் போன் போட்டார். முப்பத்தோரு வருஷத்தில் அந்தக் காரைத் தனக்கென்று அவர் கேட்டதே கிடையாது. ஜெயராணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதுகூட ஆட்டோவில்தான்.

"ஆச்சி, ஒண்ணு கேக்கணும்."

"என்ன சந்தனம், ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லைங்க. மக வருது, பேத்தியோட. திருச்சிக்கு நம்ம வண்டிய..."

"இத கேக்கவா இப்படி முழுங்குற? எடுத்துக்கிட்டுப் போ. மழைக்காலம், வைப்பரு கியிப்பரு எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு பாத்துக்க. செட்டியார பிளைட்ட விட வச்ச ஆளுல்ல நீ!" ஆச்சி சிரித்தார். அவர் சிரித்ததில் சந்தனராஜுக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாளே வைப்பரை இறக்கிச் சோதித்தார். ரப்பர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டிரைவர் பக்கம் துடைத்த பிறகும் நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை அப்படியே நின்றது. அதுவும் சரியாகக் கண் மட்டத்தில். புதுக்கோட்டைக்குப் போய்ப் புது ரப்பர் வாங்கி வந்து போட்டார். பட்டை போகவில்லை. திருமயத்தில் பட்டறை வைத்திருக்கிற ராக்கனுக்குப் போன் போட்டார்.

"எத்தன வருசமாண்ணே தூக்கியே வச்சிருக்கீங்க?"

"ஒம்பது வருசமா."

"அட போங்கண்ணே. ரப்பர காப்பாத்துறேன்னு ஸ்பிரிங்க கொன்னுட்டீங்க. அது கண்ணாடி மேல படுத்துக் கெடந்தாத்தான் அமுக்கும். தூக்கியே நின்னா இழுவ விட்டுப்போயிரும். எங்கிட்ட ஸ்பிரிங்கோட ஒரு வைப்பரு கை கெடக்கு, வந்து எடுத்துக்கிட்டுப் போங்க."

ஒன்பது வருஷம் கண்ணும் கருத்துமாகச் செய்த காரியம் தப்பு என்று ஒருவன் போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். சந்தனராஜுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பஸ் ஏறிப் போய் அந்தக் கையை வாங்கி வந்தார்.

பதினாறாம் தேதி காலை ஷெட்டில் வேலையைத் தொடங்கினார். புதுக் கையை மாட்டி நட்டை முடுக்கினார். இனி சரிபார்க்க வேண்டும். கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற மோட்டார் செத்து நாலு வருஷம். வாளியில் தண்ணீர் எடுத்து, மக்கால் கண்ணாடியில் ஊற்றிவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்து சுவிட்சைப் போட்டார். அதற்குள் தண்ணீர் வழிந்து இறங்கிவிட்டது. வைப்பர் வறட்டுக் கண்ணாடியில் கிறீச்சிட்டது. மறுபடி இறங்கி, ஊற்றி, ஓடினார். மறுபடியும் கிறீச். இது இரண்டு ஆள் வேலை. ஒருவர் ஊற்ற வேண்டும், ஒருவர் உள்ளே இருந்து பார்க்க வேண்டும். நாலாவது தடவை ஓடும்போது முழங்கால் கதவில் இடித்தது. காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். ஒரு மக்குத் தண்ணீர் ஊற்ற இந்த உலகத்தில் தனக்கு ஒரு ஆள் இல்லையே என்று நினைத்தார்.

"என்ன டிரைவரண்ணே, வண்டியோட ஓடிப் பிடிச்சு வெளையாடுறீங்களா?" எதிர்ச்சாரியில் இருந்து மணிமேகலை குரல் கொடுத்தாள். அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். கை பூக் கட்டும், கண் தெருவைப் பார்க்கும், வாய் தன் பாட்டுக்கு ஓடும். கூடையை மூடி வைத்துவிட்டு இந்தப் பக்கம் வந்தாள். "வைப்பரு எறங்கிக் கெடக்கு? ஆச்சி எப்ப வர்றாங்க? நாலு மொழம் எடுத்து வச்சிரவா?"

"ஆச்சி வரல."

"பெறகு யாரு வாராக?"

சந்தனராஜ் கையைத் துண்டில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "என் மக வருது. பேத்தியும்" என்றார். நினைத்ததை விடச் சத்தமாக வந்துவிட்டது.

"பிளெஸ்ஸியா? அத மொதல்ல சொல்லக் கூடாதா? அந்த மக்க இங்கிட்டு குடுங்க. நீங்க உள்ள ஏறி ஒக்காருங்க."

அவள் ஊற்றினாள். அவர் உள்ளே இருந்து பார்த்தார். பட்டை இருந்தது, ஆனால் முன்பைவிட மெலிந்திருந்தது. இறங்கி நட்டைத் தளர்த்தி, கையை ஒரு பல் மேலே ஏற்றி மாட்டினார். மறுபடி தண்ணீர். கை அதிகம் ஏறி ஓரத்துக் கம்பியில் தட்டியது. திரும்ப இறக்கி, கையின் முனையை ஸ்பேனரால் பிடித்து நெல்லளவு திருகினார். மறுபடி தண்ணீர். அவள் புடவை பாதி நனைந்துவிட்டது. "ஆகட்டும், குளிச்ச மாதிரி ஆச்சு" என்றாள். ஐந்தாவது மக்கில் வைப்பர் ஒரே வீச்சில் மேலே போய்க் கீழே வந்தது. கண்ணாடி இருக்கிறதா என்றே சந்தேகம் வரும்படி எல்லாம் தெரிந்தது. தெரு, பூக்கூடை, மணிமேகலையின் முகம், மூக்குத்தி, மூக்குநுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர்.

"தெரியிதா?" என்று வெளியே இருந்து கத்தினாள்.

"தெரியிது."

"நல்லாத் தெரியிதா?"

"நல்லாத் தெரியிது" என்றார். ஒரு மனித முகத்தை இவ்வளவு நேரம் நேராகப் பார்த்துப் பல மாதம் ஆகியிருக்கும்.

அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்கே விஷயம் போய்விட்டது. பால்காரர், "பதினெட்டுல இருந்து அரை லிட்டர் கூட ஊத்துறேன், பிள்ளைக்கு" என்றார். வாசல் தெளிக்கிற பெண், பெரிய வாசலை விட்டுவிட்டு ஷெட்டுக்கு முன்னால் கோலம் போடப்போவதாகச் சொன்னாள். சந்தனராஜ் கம்பிக் கேட்டில் ஒரு காகித நட்சத்திரம் கட்டினார். கடைவீதியில் குழந்தை உட்காருகிற அளவில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார். வைப்பர் இறங்கியே கிடந்தது. அவருடைய ஆளுக்காக அது இறங்கியது அதுதான் முதல் தடவை.

பதினேழாம் தேதி சாயங்காலம் போன் வந்தது. அன்று வெள்ளிக்கிழமை இல்லை.

"அப்பா... லீவ கேன்சல் பண்ணிட்டாங்கப்பா. கூட வேல பாக்குற ரெண்டு பேரு வேலைய விட்டு நின்னுட்டாங்க. நான் கெஞ்சிப் பாத்துட்டேன்." பிளெஸ்ஸி அழுதாள். "ஈஸ்டருக்குக் கண்டிப்பா வாரேம்ப்பா."

"பரவால்லம்மா. வேல முக்கியம்ல. அழுவாத. பாப்பா என்ன செய்யிது?" என்று கேட்டார். அது தூங்குகிறது என்றாள். "தூங்கட்டும், எழுப்பாத" என்றார். குரல் கொஞ்சமும் நடுங்காமல் பார்த்துக்கொண்டார். அந்த வித்தையில் அவர் கைதேர்ந்தவர்.

போனை வைத்துவிட்டு வைப்பரைப் பார்த்தார். இப்போது அதைத் தூக்க வேண்டும். மணிமேகலை எதிரே உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். தூக்கினால் அடுத்த நிமிஷம் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அவர் தூக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

காலையில் மழை பிடித்துக்கொண்டது. ஏழரைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வண்டியை எடுத்தார். ஷெட்டு வாசலில் குடை பிடித்துப் போட்ட கோலம் பாதி கரைந்து கிடந்தது. மணிமேகலை இலையில் பொதிந்த மல்லிகையை ஜன்னல் வழியாக நீட்டினாள். "பிளெஸ்ஸி தலையில வச்சு விடுங்க. வாடிரும், டேஷ்போர்டுல போடாதீங்க." வாங்கிக்கொண்டார். ஏன் போகிறோம் என்று அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. போகாவிட்டால் தெருவுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று பைத்தியக்காரத்தனம். ஒருவேளை மகள் விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாளோ, நேரில் வந்து நின்று அப்பாவைத் திகைக்க வைப்பாளோ என்று ஒரு மூலையில் இருந்தது. அழுதவள் விளையாடியிருக்க மாட்டாள் என்பதும் தெரியும். இருந்தாலும் போனார்.

புதுக்கோட்டை தாண்டியதும் மழை கொட்டியது. வைப்பர் சொன்ன சொல் கேட்டது. ஒரு பட்டை இல்லை, ஒரு கோடு இல்லை. நார்த்தாமலைக் குன்றுகள் நனைந்து கறுப்பாக நின்றன. எதிரே வந்த பஸ்ஸின் பெயர்ப்பலகை தூரத்திலேயே படிக்க முடிந்தது. கீரனூர் தாண்டி அந்தப் புளியமரம்கூடத் தெரிந்தது. முப்பத்தோரு வருஷத்தில் இந்தச் சாலையை மழையில் இத்தனை துல்லியமாக அவர் பார்த்ததில்லை. பின்சீட்டு மட்டும் காலியாக இருந்தது. பின்னால் பார்க்கிற கண்ணாடியில் அதையும்தான் பார்த்துக்கொண்டே போனார்.

விமானம் நேரத்துக்கு வந்தது. வெளியே கம்பியைப் பிடித்து நின்ற கூட்டத்தில் அவரும் நின்றார். பக்கத்தில் நின்ற அறந்தாங்கிக்காரர், "யாருங்க வர்றாங்க?" என்று கேட்டார்.

"மகளும் பேத்தியும்ங்க."

"நம்மளுக்கு மகன். மூணு வருசமாச்சு."

அந்த மகன் வந்தான். பெட்டியைப் போட்டுவிட்டு அப்பாவைக் கட்டிக்கொண்டான். அறந்தாங்கிக்காரர் போகும்போது திரும்பி, "ஒங்க ஆளு இன்னும் வரலியா?" என்றார். "வருவாங்க" என்றார் சந்தனராஜ். கடைசிப் பெட்டியும் போய், கதவு தானாகத் திறப்பதையும் மூடுவதையும் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வண்டிக்கு வந்து கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பிவிட்டு, வண்டியை எடுக்காமல் உட்கார்ந்து அழுதார். வைப்பர் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்த மறந்துவிட்டார்.

ஊர் திரும்பியபோது மணி மூன்று. மழை விட்டிருந்தது. பால்காரர் சைக்கிளை நிறுத்திப் பின்சீட்டை எட்டிப் பார்த்தார். சந்தனராஜ் இறங்கி, "வரல. லீவு கெடைக்கல" என்றார்.

மணிமேகலை சாலையைக் கடந்து வந்தாள். "எப்பத் தெரியும்?"

"நேத்தே தெரியும்."

"அப்பறம் எதுக்குப் போனீங்க?"

அவர் மல்லிகைப் பொட்டலத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். வண்டியை உள்ளே விட்டு, ஈரம் துடைத்து, வேட்டித் துணியை எடுத்து ரப்பரில் சுற்றினார். ராக்கன் சொன்னது நினைவில் இருந்தது. ஆனாலும் முதலில் ஒரு வைப்பரைத் தூக்கினார், பிறகு மற்றதைத் தூக்கினார். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சிவப்பு நாற்காலியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அது உள்ளே போகவில்லை, உயரம் இடித்தது.

மறுநாள் காலை கேட்டைச் சும்மா சாத்திவிட்டு டீக்கடைக்குப் போனார். அரை மணியில் திரும்பி வந்தபோது வைப்பர் இரண்டும் கண்ணாடி மேல் படுத்துக் கிடந்தன. துணி இரண்டும் மடித்து பானட் மேல் இருந்தது. மணிமேகலை எதிரே உட்கார்ந்து ஒன்றும் தெரியாதவள் போல நார் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"மேகலை, இத எறக்குனது யாரு?"

"நாந்தான்."

"யாரும் வரலியே. எதுக்கு எறக்குன?"

அவள் நாரை மடியில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "வீட்ல ஆளு இருந்தா எறங்கிக் கெடக்கும், இல்லன்னா தூக்கி நிக்கும். அதானே கணக்கு?"

"ஆமா."

"நீங்க இருக்கீங்கள்ல?"

சந்தனராஜ் வாயைத் திறந்தார். ரப்பர் ஒட்டிக்கொள்ளும், மேற்கு வெயில் படும் என்று ஏதோ சொல்ல வந்தார். காரின் பக்கம் திரும்பி, பானட்டில் இருந்த துணியை எடுத்து, துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார். அவர் முதுகு குலுங்கியதை அவள் பார்த்தாள். பார்க்காத மாதிரி பூக் கட்டினாள்.

பத்து மணிவாக்கில் மின்சாரக் கணக்கெடுக்கிறவர் பைக்கை நிறுத்தி, கேட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தார். "வீட்ல ஆளு இருக்கா?"

சந்தனராஜ் வைப்பரைப் பார்த்தார்.

"இருக்கேன். வாங்க" என்றார்.